கோபம் நம்முடையது, குரல் யாருடையது?
(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



சமுதாயக் கொடுமையைக் கண்டு பொங்கி எழுதுவது இளைஞர்களின் உரிமை. ஆனால் யாருக்காக எழுதுகிறோமோ அவர்களையே அந்த எழுத்து சுட்டுவிட்டால்?

பொள்ளாச்சியை எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச்சில் அந்தப் பாலியல் கொடுமை வெளியே வந்தபோது நாமெல்லாம் சின்னப் பிள்ளைகள். கல்லூரி அண்ணன்மாரும் அக்காமாரும் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கு உள்ளூர் போலீஸை விட்டு சி.பி.சி.ஐ.டி.க்கும், பிறகு சி.பி.ஐ.க்கும் போனது. அவர்களுக்கு ஒரு சல்யூட்!

ஆனால் அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. ஒரு பெண் கெஞ்சி அழுகிற குரல், 'நீதி வேண்டும்' என்ற வாசகத்தோடு செல்போன் செல்போனாகப் பறந்தது. அனுப்பியவர்களில் பலர் நல்லவர்கள்தான். குரலை வைத்தே அவளைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களே என்று யோசிக்கலை. அந்தக் கயவர்கள் பெண்களை மிரட்டியதே "வீடியோவை வெளியே விட்டுடுவோம்" என்றுதானே! அவனுங்க மிரட்டினதை, நியாயம் கேட்டவங்க செஞ்சே காட்டிட்டாங்க.

மேலிடமும் சளைக்கவில்லை. போலீஸ் அதிகாரி பேட்டியிலும், அரசாணையிலும் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வந்துவிட்டது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது மதுரை ஐகோர்ட் கிளை. அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அப்போது இ.பி.கோ. 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவு. பத்திரிகைக்காரங்களுக்கு மட்டும் இல்லை, வாட்ஸ்அப் வைத்திருக்கிற நமக்கும்தான்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. மூடிய நீதிமன்றத்தில், பெயர் வெளியே தெரியாது என்ற தைரியத்தில் வந்து சாட்சி சொன்னார்கள் அந்தப் பெண்கள். ஒருவர்கூடப் பிறழவில்லை. பரப்பப்பட்ட அந்தக் குரல் எத்தனை பெண்களைப் புகார் கொடுக்க விடாமல் தடுத்ததோ, யார் கணக்கெடுத்தார்கள்?

"பேர் போடாம எழுதினா எவன் நம்புவான்?" என்று என் நண்பன் கேட்கிறான். போலீஸ் ஏன் தாமதித்தது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யார் பதில் சொல்லணும் என்று எழுதேன்ப்பா! அதற்கு அவள் போட்டோ எதற்கு, காலேஜ் எதற்கு, தெரு எதற்கு? லேத்தில் டையா குறைஞ்சுபோனா மாஸ்டர் திட்டிவிட்டு வேற ராடு தருவார். இங்கே வேற ராடு கிடையாது.

எங்க வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். செல்போனில் வருவதை நான்தான் வாசித்துச் சொல்லுவேன். இப்படிப்பட்ட செய்தி என்றால் அவருடைய முதல் கேள்வி, "யாரு வீட்டுப் பொண்ணாம்?" தெரு முழுக்க அதே கேள்விதான். பதில் கிடைத்தால் முதலில் நிற்பது அந்தப் பெண்ணின் படிப்பு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அடுத்த வாரமே டி.சி. வாங்கிவிடுவார்கள். படிக்கத் தெரிந்தவன் வீட்டுக்கு ஒருத்தன் என்றால், எதை வாசிக்காமல் விடுவது என்பதும் அவன் பொறுப்புதான்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் இப்படி ஒரு பெயரோ போட்டோவோ வந்தால், போட்டவரிடம் பேசி உடனே அழிக்கவைக்க வகுப்புக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி என்று பொறுப்பு கொடுங்கள். எங்கள் வகுப்புக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.