அங்கன்வாடி மாலை வரை திறந்திருக்கட்டும்



1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழகத்தில் 50,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. சத்துமாவு, மதிய உணவு, எடை பார்ப்பது எல்லாம் நடக்கின்றன. ஆனால் பனியன் கம்பெனிக்கோ கட்டட வேலைக்கோ போன தாய் வீடு திரும்புமுன் மையம் பூட்டப்படுகிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. சித்தாளுக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் அதனால் பயனில்லை. அவர்களுக்குத் தெருவிலேயே இருக்கும் அங்கன்வாடிதான் ஒரே வழி. பல இடங்களில் கட்டடமும் சமையலறையும் ஏற்கெனவே அரசுடையவை; மாலை வரை திறந்துவைக்க ஆகும் கூடுதல் செலவு பெரும்பாலும் சம்பளம்தான்.

பாட்டி பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பத்தில் பாட்டி ஊரில் இருக்கிறார். கூடவே இருந்தாலும் பல வீடுகளில் அவரும் கூலிக்குப் போகிறவர்தான். செலவைப் பற்றிய கேள்வி இன்னும் நியாயமானது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கியபின் வேலைக்குச் செல்லும் தாய்மார் கூடினர். அவர்கள் கட்டும் வரியால் செலவில் ஒரு பகுதியாவது திரும்பியது. அதே கியூபெக்கில், அவசரமாக விரிவாக்கியதில் தரம் சீராக இல்லை, சில குழந்தைகளின் நடத்தை பாதிக்கப்பட்டது என்று பொருளியலாளர்கள் எழுதியதையும் மறைக்கக் கூடாது. ஆகவே, கணக்கெடுப்பு முதல் தேர்தல் பணி வரை சுமக்கும் இன்றைய பணியாளர் தலையிலேயே மாலை நேரத்தையும் கட்டுவது வேலைக்காகாது. பயிற்சி பெற்ற இரண்டாவது பணியாளரை, மதிப்பூதியம் என்ற பெயரில் அல்லாமல் முறையான ஊதியத்தில் நியமிக்க வேண்டும். தொழிற்பேட்டைகளை ஒட்டிய மையங்களில் முதலில் தொடங்கலாம்.

- வாசகர், திருப்பூர்