பத்தாம் நாளும் போய்ப் பாருங்கள்!

தக்காளி விலை சரிந்து விட்டது. பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது. தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு விவசாயி, கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டு வீடு திரும்புகிறார்.

அன்று மாலை திண்ணை நிறையச் சொந்தக்காரர்கள். "மனசை விட்டுடாதே மாமா" என்று ஆறுதல் சொல்கிறார்கள். மறுநாள் இரண்டு பேர் வருகிறார்கள். மூன்றாம் நாள் யாரும் இல்லை. "ஆள் தேறிவிட்டார்" என்று ஊர் நினைத்துக் கொள்கிறது.

பரீட்சையில் தவறிய மாணவிக்கும் இதே கதைதான். முடிவு வந்த அன்று வீடே அவளைச் சுற்றி நிற்கிறது. ஒரு வாரத்தில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

உண்மையில் இவர்கள் தேறிவிட்டார்களா?

பட்டாணி அளவு சுரப்பி

கவலை மனதோடு நிற்பதில்லை. உடம்பிலும் வேலை செய்கிறது.

மூளையின் அடியில், மூக்குக்குப் பின்புறமாக, பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. அதிர்ச்சியான செய்தி காதில் விழுந்ததும் மூளை இதற்கு உத்தரவு போடுகிறது. உடனே இந்தச் சுரப்பி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை அது தட்டி எழுப்புகிறது. அவை கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, ஆபத்தைச் சமாளிக்கத் தெம்பு தருகிறது.

இது நல்லதுதான். ஆனால் அளவோடு இருக்க வேண்டும். 1936-ம் ஆண்டில் கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி இதை எலிகளிடம் கண்டார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு என்று எந்தத் துன்பம் கொடுத்தாலும் எலிகளின் அட்ரினல் சுரப்பி பெருத்தது. வயிற்றில் புண் வந்தது.

பெங்களூரு சோதனை

துன்பம் நீங்கிய பிறகு மூளையில் என்ன நடக்கிறது? தர்மபுரிக்காரர்கள் வேலைக்குப் போய் வரும் பெங்களூரிலேயே இந்தக் கேள்வி ஆராயப்பட்டது. அங்குள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானி சுமந்திரா சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும், தாங்கள் கண்டதை 2005-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

எலிகளை ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம், அசைய முடியாதபடி வைத்திருந்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். மறுநாள் மூளையைப் பார்த்தபோது மாற்றம் எதுவும் தெரியவில்லை.

10-ம் நாள் பார்த்தார்கள். ஆச்சரியம்! பயத்தோடு தொடர்புள்ள 'அமிக்டலா' என்ற மூளைப் பகுதியில், நரம்பு அணுக்களின் கிளைகளில் முள் போன்ற நுண்ணிய அரும்புகள் கூடுதலாக முளைத்திருந்தன. எலிகளின் நடத்தையும் மாறியிருந்தது. திறந்த இடத்துக்கு வரவே அவை தயங்கின.

அதிர்ச்சி 2 மணி நேரம். பயம் வந்ததோ 10 நாள் கழித்து!

ஊர் செய்ய வேண்டியது

எலிக்கு நடப்பது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. மனிதருக்கு அது 10 நாள் கணக்காக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ஒரு பாடம் உண்டு. அழுகை நின்றுவிட்டதாலேயே அதிர்ச்சி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பல நாள் கழித்து ஒருவர் சோர்ந்து உட்கார்ந்தால், "இதுக்குப் போய் இப்படியா? தைரியம் இல்லாத ஆள்!" என்று ஏசவும் கூடாது.

"ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். கிளற வேண்டாம். நஷ்டத்தைப் பற்றியோ மார்க்கைப் பற்றியோ பேசவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்தால் போதும்.

சாவு வீட்டில் காரியம் முடியும் வரை உறவுக்காரர்கள் வந்து போகிறார்கள். பெரியவர்கள் ஏற்படுத்திய நல்ல வழக்கம் அது. விளைச்சலில் நஷ்டப்பட்ட வீட்டுக்கும், பிள்ளை பரீட்சையில் தவறிய வீட்டுக்கும் அந்த வழக்கம் வேண்டும்.

போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சரியாகச் சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா? நாலு பேரோடு பேசுகிறாரா? இல்லை என்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கேட்கலாம், தமிழிலேயே பேசலாம். "வாழ்ந்து என்ன பயன்?" என்ற பேச்சு வாயில் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. அவரைத் தனியாகவும் விடக்கூடாது.

இதற்குப் பணம் வேண்டாம். பெரிய படிப்பும் வேண்டாம். முதல் நாள் ஓடிப் போய் ஆறுதல் சொன்னவர்கள், பத்தாம் நாளும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!