விருந்தாளி வருமானம் ஊடுபயிர்தான்

வியட்நாம் நாட்டின் நடுப்பகுதியில், சோன் ஆற்றங்கரையில், போங் நா என்ற சிற்றூர் உள்ளது. நெல், மக்காச்சோளம், நிலக்கடலை, மிளகு பயிராகும் வட்டாரம். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். மலைகளுக்குள் எண்ணற்ற குகைகள். இம்மலைக்காட்டை 2003-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று பல நாட்டு இளைஞர்கள் முதுகில் ஒரு பையுடன் வந்து, குறைந்த வாடகையில் தங்கி, சைக்கிளில் வயல்வெளிகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

முன்பு இவ்வூரில் பலருக்குச் சாகுபடி வருமானம் போதவில்லை. காட்டில் மரம் வெட்டியும், வேட்டையாடியும், அகில் கட்டை தேடியும் பிழைத்தார்கள். அப்படிக் காட்டுக்குள் சென்ற ஹோ கான் என்பவர்தான் 1990 வாக்கில் மழைக்கு ஒதுங்கியபோது ஒரு பெரிய குகைவாயைக் கண்டார். 2009-ல் அவர் வழிகாட்ட, ஆங்கிலேய ஆய்வாளர்கள் உள்ளே சென்று அளந்தனர். உலகிலேயே மிகப் பெரியது எனக் கருதப்படும் சோன் டூங் குகை அதுவே. முன்பு மரம் சுமந்த தோள்கள் பல, இன்று பயணிகளின் மூட்டைகளைச் சுமந்து கூலி பெறுகின்றன. காடும் பிழைத்தது.

ஆனால் சிறு விவசாயி கவனிக்க வேண்டியது குகையை அல்ல. அருகிலுள்ள போங் லாய் பள்ளத்தாக்கை. அங்கே குகை பார்த்துத் திரும்பும் பயணி மண்பாதையில் விவசாயியின் வீட்டுக்கே வருகிறான். மிளகுத் தோட்டத்தைப் பார்க்கிறான். வீட்டுக் கோழியையும், கொல்லையில் விளைந்த கடலையையும் காசு கொடுத்துச் சாப்பிடுகிறான். வாத்துக்குத் தீனி போட்டு மகிழ்வதற்குக் கூடக் காசு தருகிறான்! சந்தைக்கு வண்டிக்கூலி இல்லை, தரகு இல்லை. விளைந்த இடத்திலேயே விளைபொருளுக்கு விலை கிடைக்கிறது.

இதைப் பார்த்து, "நிலத்தை விற்று விடுதி கட்டினால் என்ன?" என்று சிலர் நினைக்கக்கூடும். அது தவறான கணக்கு. 2020 மார்ச்சில் கொரோனா நோயால் வியட்நாம் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவடைத்தது. முழுமையாகத் திறந்தது 2022 மார்ச்சில்தான். இதற்கிடையே 2020 அக்டோபரில் பெருவெள்ளமும் இவ்வட்டாரத்தைத் தாக்கியது. விருந்தாளி நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்காது. கொல்லையும் கோழியும் உள்ள வீட்டிலோ அடுப்பு எரியும். மேலும், பயணி பார்க்க வருவது பச்சை வயலைத்தான். வயல் போய்க் கட்டடம் வந்தால், அவன் நிற்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

இதே மலைப்பகுதியைச் சேர்ந்த டான் ஹோவா கிராமம் நல்ல உதாரணம். 2010 வெள்ளத்தில் பெரும் சேதம் கண்ட அம்மக்கள், பீப்பாய்களின் மேல் மிதக்கும் சிறு வீடுகளை அமைத்துக்கொண்டனர். நீர் ஏறினால் வீடும் ஏறும். ஆட்களும் தானியமும் தப்பும். முதலில் தங்கள் குடும்பத்தைக் காத்தார்கள். பிறகு விருந்தாளிகளை வரவேற்றார்கள். 2023-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு இதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது.

ஆகவே, விருந்தாளி வருமானத்தை ஊடுபயிராகவே கருத வேண்டும். தலைப்பயிரை அழித்து யாரும் ஊடுபயிர் போடுவதில்லை. பயணிகள் வந்துபோகும் ஊரில் நிலம் வைத்திருப்பவர், கடன் வாங்கி மாடி கட்டுவதைவிட, சுத்தமான குடிநீர், ஒரு கழிப்பறை, மர நிழலில் இரண்டு பெஞ்சு, பத்துக் கோழி என்று தொடங்குவதே புத்திசாலித்தனம். வரும் பணத்தில் முதல் பங்கு நிலத்துக்கே திரும்பட்டும். விருந்தாளி இன்று வருவான், நாளை வராமலும் போவான். நிலம் என்றும் சோறு போடும்.