ஆடுவோரும் தொழிலாளரே

திருகோணமலைத் துறைமுகத்தில் மூடை இறக்கும் தொழிலாளி ஒருவர் விபத்துக்குள்ளானால், பொறுப்பாளி யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை உண்டு. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இறங்குதுறைகளில் நடைபெறும் வேலைகளையும் தனது எல்லைக்குள் கொண்டுவந்துள்ளது. அதே துறைமுகத்திற்குச் சற்று வடக்கே, உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் உல்லாசப் பயணிகளின் முன் ஆடும் ஒருவர் கால் முறிந்து வீழ்ந்தால் நிலைமை வேறு. மேடை தொழிற்சாலையாகக் கொள்ளப்படுவதில்லை. அதைப் பரிசோதிக்க எவரும் வருவதுமில்லை.

நடனத்தை நாம் கலையென்று போற்றுகின்றோம். அது உடலுழைப்பு என்பதை மறந்துவிடுகின்றோம். வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் மணிக்கணக்கில் தட்டி ஆடுவோருக்கு முழங்காலும் கணுக்காலும் தேய்கின்றன. கணைக்கால் எலும்பில் வெடிப்பு ஏற்படுவதும் உண்டு. கிழக்கின் உல்லாசப் பயணப் பருவமோ, கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களோடு பொருந்தி வருகிறது. கனத்த ஆடை அணிகளுடன் ஆடுவோருக்குக் குடிநீரும் ஓய்விடமும் உபசாரமல்ல, தேவை. மின்வடங்கள் குறுக்கே கிடக்கும் மேடை, தீப்பந்த ஆட்டத்திற்கு அருகிலேயே வைக்கப்படும் மண்ணெண்ணெய், நள்ளிரவில் வாகனமின்றித் திரும்பும் பயணம் ஆகியனவும் தொழிலிட அபாயங்களே.

பெருநகரங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 ஜூலையில் ஹொங்கொங்கில் நடைபெற்ற இசை நிகழ்ச்சியொன்றில், மேடைக்கு மேலே தொங்கிய பாரிய திரை அறுந்து வீழ்ந்து நடனக் கலைஞர் ஒருவர் படுகாயமடைந்தார். தொங்கவிடப்பட்ட உபகரணங்களின் எடை குறைத்துக் காட்டப்பட்டிருந்தமை விசாரணையில் வெளிவந்தது. ஆடியவர் அந்த எடையை அளந்து பார்த்திருக்க முடியாது. அமர்த்தியவர்களாலேயே அது முடியும்.

எமது நாட்டில் சட்டமே இல்லை என்பதும் சரியன்று. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே கொள்கிறது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியது. ஆயினும் ஹோட்டல் இடைத்தரகரைக் கைகாட்ட, அவர் குழுத் தலைவரைக் கைகாட்ட, காயமடைந்தவர் எவரிடம் கோருவது? கோயில் விழாக்களில் நிலைமை இன்னும் சங்கடமானது. அங்கு கூலி 'சன்மானம்' ஆகிவிடுகிறது. சன்மானம் பெற்றவர் நட்டஈடு கேட்பது மரியாதைக் குறைவாகவும் பார்க்கப்படுகிறது. ஆலய பரிபாலன சபைகள் இதனை மனந்திறந்து சிந்திப்பது நல்லது.

2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்திற்கான தேசிய நிறுவகம் பயிற்சியும் ஆலோசனையும் வழங்கும் அமைப்பாகும். மேடைகளுக்கான எளிய வழிகாட்டியொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுவது அதற்குப் பெரும் பளுவாக இராது. பாதுகாப்பான வேலைச்சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2022 ஜூனில் ஏற்றுக்கொண்டது. இலங்கையும் அதன் உறுப்பு நாடே.

உள்ளூராட்சி சபைகள் களியாட்ட வரி அறவிடுகின்றன. அனுமதி கோரி வருவோரிடம், அமர்த்துபவரின் பெயர், ஊதியம், காப்புறுதி ஆகியவற்றைக் குறிப்பிடும் ஒரு பக்க ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கேட்கலாம். குச்சவெளிப் பிரதேச சபை அடுத்த பருவத்திற்கு முன்னரே இதனைத் தொடங்க முடியும் என நாம் கருதுகின்றோம்.