செவிக்கு எத்தனை நாள் தவணை?

காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபின், நம் பகுதியில் யாருக்குக் காது மந்தமானாலும் "எல்லாம் இரைச்சல்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பட்டறை இரைச்சல் செவியைக் கெடுப்பது உண்மையே. ஆனால் அது ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் இரு செவிகளையும் சிறிது சிறிதாகத் தின்னும். இரவு நன்றாகக் கேட்ட காது விடிந்ததும் அடைத்துப்போவது வேறு நோய். மூன்று நாட்களுக்குள், பெரும்பாலும் ஒரு செவியில் மட்டும், 30 டெசிபலோ அதற்கு மேலோ கேள்திறன் போய்விடும். பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் விமானத்திலிருந்து இறங்கி வரும்போது திடீரென்று எதுவும் கேட்காமல் போனதை 2024 ஜூனில் வெளியிட்டார். வைரஸ் தாக்குதலே காரணம் என்று மருத்துவர்கள் கூறினராம். பெரும்பாலோருக்கு அந்தக் காரணம்கூடத் தெரிவதில்லை.

போன செவி திரும்புமா? சிலருக்கு மருந்தின்றியே திரும்புகிறது. சிலருக்கு என்ன செய்தும் திரும்புவதில்லை. அமெரிக்க மருத்துவர் பைல் 225 நோயாளிகளை எட்டாண்டுகள் கவனித்து 1984-இல் இதைப் பற்றி எழுதினார். தொடக்கத்தில் எவ்வளவு இழப்பு, தலைசுற்றல் உண்டா, வயது என்ன, மறு செவி எப்படி, எத்தனை நாள் கழித்து வந்தார் என்பவற்றைப் பொறுத்தே குணம் அமைகிறது. இலேசான இழப்பு பெரும்பாலும் தேறிவிடும். முற்றாக அடைத்து, தலையும் சுற்றினால் நம்பிக்கை குறைவு.

வயதை மாற்ற முடியுமா? தலைசுற்றலைத் தள்ளிப்போட முடியுமா? நம் கையில் இருப்பது நாள் ஒன்றுதான். அதைத்தான் நாம் வீணாக்குகிறோம். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, ஊக்கால் குடைவது, "தண்ணீர் போயிருக்கும்" என்று காத்திருப்பது என ஒரு வாரம். சம்பளம் வரட்டும் என்று இன்னொரு வாரம். ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்க வேண்டியதோ அந்த இரண்டு வாரத்துக்குள்! தவறினால், ஆறு வாரம் வரை செவிப்பறை வழியே ஊசி போட்டுப் பார்ப்பர். 1980-இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்டீராய்டு உண்டவர்களில் 61 விழுக்காட்டினர் தேறினர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 32 விழுக்காட்டினர். பிந்தைய ஆய்வுகள் அத்தனை தெளிவாக இல்லை. விரைந்து வந்தவர் தேறியது மருந்தாலா, தானே தேறும் நாட்களில் வந்ததாலா என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் ஐயம் தீரும்வரை நாள் நிற்காதே!

ஆகவே ஆலைகளின் முதலுதவி அறைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஓர் இசைக்கவை கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தூசி படிந்து கிடக்கிறதே, அதே 512 ஹெர்ட்ஸ் கவைதான். தட்டி நெற்றி நடுவில் வைத்தால், குறும்பி அடைத்த காதாயின் அந்தக் காதிலேயே ஒலி கூடும். நரம்பு கெட்டதாயின் நல்ல காதுக்கு ஓடும். கவை இல்லாவிடில், வாயை மூடி 'ம்' என்று இழுத்தாலே ஓரளவு புலப்படும். ஒலி நல்ல காதுக்கு ஓடினால், அன்றைக்கே அவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு நாள் கூலியை ஒப்பந்தக்காரர் பிடிக்கவும் கூடாது.