கட்டணம் கேட்காத ஊரிலிருந்து ஒரு மடல்

ராமநாதபுரம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



போன கோடை விடுமுறையில் மதுரையிலிருந்து என் தங்கை குடும்பம் வந்திருந்தது. ராமேஸ்வரம், தனுஷ்கோடி, பாம்பன் பாலம், பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் எல்லாம் பார்த்துவிட்டு, ஊர் திரும்புமுன் ஓர் இரவு கீழக்கரையில் எங்களோடு தங்கினார்கள். மறுநாள் காலை அவள் மகனை ஜும்மா பள்ளிவாசலுக்கு அழைத்துப்போய் வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலத்தைக் காட்டினேன். ஏழாம் வகுப்பு படிக்கிறவன். "சீதக்காதின்னா விஜய் சேதுபதி படம்தானே மாமா?" என்றான்.

சிரிப்பு வந்தது, பிறகு சங்கடமாகவும் இருந்தது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்பதை அவன் பாட்டி நாளுக்கு நாலு முறை சொல்வார். அவனுக்குத் தெரிந்தது 2018இல் வந்த படம் மட்டும். உட்காரவைத்துச் சொன்னேன். 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பல் விட்ட மரக்காயர் அவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உற்ற நண்பர். "அப்ப சேதுபதிக்கும் சீதக்காதிக்கும் நிஜமாவே தொடர்பு இருக்கு!" என்று துள்ளினான். பிறகு அவனே எழுந்துபோய் ஒரு கல்தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "இது கோயில் தூண் மாதிரி இருக்கே?" கோயில் கட்டிய கைகளின் மரபில் வந்த வேலைதான், தெய்வ உருவங்களை விட்டுவிட்டுப் பூவும் கொடியுமாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்றேன். அரை மணி நேரம் தூண் தூணாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு எங்களுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

ஐயா, பிள்ளைகளோடு வரும் நடுத்தரக் குடும்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முழுநாள் இருக்கிறது. ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாச அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லில் பள்ளிகொண்ட ராமர். அங்கிருந்து சிறிது தூரத்தில் சேதுக்கரைக் கடல். கீழக்கரையில் இரண்டு பழம்பெரும் பள்ளிவாசல்கள், மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் அடக்கத்தலம். பிறகு ஏர்வாடி தர்கா. நேரமிருந்தால் மாணிக்கவாசகர் பாடிய உத்தரகோசமங்கை. அரண்மனைக்கு மட்டும் சிறு கட்டணம். மற்ற இடங்களில் நுழைவுச்சீட்டே கிடையாது. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணமும் இலவசம்.

ஆனாலும் ராமேஸ்வரம் போகிற வண்டிகள் இந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம். இங்கே என்ன இருக்கிறதென்று வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது? அன்று அந்தப் பையனுக்குச் சொல்ல நான் இருந்தேன். மாமா இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் இந்த மடல்.

கேட்பது பெரிய திட்டமல்ல.

ஒரே ஒரு தாள். இந்த இடங்களின் வரைபடம், பேருந்து விவரம், இடத்துக்கு நான்கு வரி வரலாறு, எளிய தமிழில். அது ராமநாதபுரம் ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் கிடைக்க வேண்டும்.

அடுத்தது, கீழக்கரைப் பள்ளிவாசல்களின் ஜமாஅத்தாரோடு ஒரு பேச்சு. இவை இரண்டும் தொழுகை நடக்கும் பள்ளிவாசல்கள். காட்சியகம் ஆக்கிவிட முடியாது, ஆக்கவும் கூடாது. தொழுகை இல்லாத எந்த நேரத்தில் வரலாம், பெண்கள் எதுவரை வந்து பார்க்கலாம், என்ன உடுத்தி வர வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்து வாசலில் எழுதி வைக்கட்டும். தயங்கி நிற்கும் குடும்பத்துக்கு அந்த நான்கு வரியே அழைப்பு. இரண்டில் பழைய ஜும்மா பள்ளிவாசல் நபிகள் நாயகம் காலத்திலேயே எழுந்தது என்பது ஊர் வழக்கு. பலகையில் அதை ஊர் வழக்கு என்றே எழுதலாம்; கல் சொல்லும் வரலாற்றைத் தொல்லியல் துறையிடம் கேட்டு எழுதலாம். இரண்டையும் படிக்கிற பிள்ளை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கற்றுக்கொள்ளும்.

கடைசியாக, சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், உட்கார நிழல். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு வரலாற்றைவிட இவை முந்தியவை. இவை இல்லாத இடத்தில் இலவசத்துக்கு அர்த்தமில்லை.

சனி, ஞாயிறுகளில் வழிகாட்ட ஊரிலேயே கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏட்டைப் பார்த்து வளர்ந்த வீடுகள் இங்கே இன்னும் உண்டு. சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. கூப்பிடத்தான் ஆள் வேண்டும்.

உங்கள் அலுவலகத்திலிருந்து கீழக்கரை இருபது கிலோமீட்டருக்குள்தான். ஒரு சனிக்கிழமை அரசு வாகனத்தை விட்டுவிட்டு, குடும்பத்தோடு பேருந்தில் வாருங்கள். வெளியூர்க்காரர் போல வழி கேட்டுப் பாருங்கள். மேலே கேட்டவற்றில் எது அவசரம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பார்க்கிற எதற்கும் இங்கே காசு வாங்க மாட்டோம். திரும்பும்போது எங்கள் ஊர் இனிப்பான தொதல் வாங்கினால், அதற்கு மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கீழக்கரைவாசி ஒருவர்