மடக்கும் இறக்கையும் இரண்டாவது கண்ணும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள் பெரியோர். தேர் ஓடாமல் நின்றுவிட்டால் ஒரு விதத்தில் நல்லதுதான். கூட்டம் கூடிப் பார்க்கும். ஆணியைத் தேடிக் கொண்டுவந்து மாட்டிவிடலாம். ஆனால், ஆணி சரியாக மாட்டாத போதும் கொஞ்ச தூரம் ஓடி, மேலேயும் ஏறிவிடக்கூடிய வாகனம் ஒன்று உண்டு. அதுதான் ஆகாய விமானம். அதிலும், இறக்கையை மடக்கி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும் சிறு விமானத்தைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

விமானம் என்றதும் பெரிய தொழிற்சாலைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டுக் கார் கொட்டகையிலேயே மரம், துணி, உலோகக் குழாய் இவற்றைக் கொண்டு சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் ஏராளம். அமெரிக்கச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. வேலையில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, தொழில்முறையில் அல்லாதவர்கள் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கட்டி முடித்த பிறகு எங்கே நிறுத்துவது? விமான நிலையத்துக் கொட்டகைக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. வெயிலிலும் மழையிலும் விட்டால் துணியும் மரமும் கெடும். ஆகவே இறக்கையைப் பின்பக்கமாக மடக்கி, காருக்குப் பின்னால் கட்டி, வீட்டுக்கே இழுத்துவந்துவிடும் ஏற்பாடு பிறந்தது.

ஏற்பாடு புதிதல்ல. 1925 பிப்ரவரியில் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாத் விமானத்துக்கே மடக்கும் இறக்கை உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த பஸ் மாத் விமானமும் அப்படித்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத்தில்தான். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். சென்னைக்கு விமானத் தபால் சேவையைத் தொடங்கிவைத்தது மடக்கும் இறக்கை என்று சொன்னால் தவறில்லை.

வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸியாட்டிலில் இருந்த பீட்டர் பவர்ஸ். போயிங் கம்பெனியில் எஞ்சினீயர். எளிதில் கட்டக்கூடிய, செலவு குறைந்த, இறக்கை மடங்கும் விமானம் வேண்டும் என்று அமெரிக்கச் சோதனை விமானச் சங்கம் போட்டி வைத்தது. பவர்ஸ் கட்டிய ஃப்ளை பேபி 1960-ல் பறந்து, 1962-ல் அந்தப் போட்டியில் வென்றது. ஓர் ஆள் மட்டும் உட்காரும் மர விமானம்; இறக்கையின் முழு நீளம் 28 அடி. பிறகு 1984-ல் அமெரிக்காவில் கிட்ஃபாக்ஸ் போன்றவை வந்தன. முன்பக்கத்து ஆணியை உருவினால் இறக்கை கதவைப் போலப் பின்னால் திரும்பிவிடும்.

கொத்தனார் நூல்

இறக்கையைச் சரியாக நிறுத்துவது ஏதோ மாய வித்தை என்று எண்ண வேண்டாம். நம் ஊர்க் கொத்தனாரும் தச்சரும் செய்வதுதான். முதலில் விமானத்தின் உடலை ரசமட்டம் வைத்து, இடவலமாகவும் முன்பின்னாகவும் மட்டம் பார்த்து அசையாமல் நிறுத்துகிறார்கள். தூக்குக்குண்டு விட்டு நடுக்கோட்டைத் தரையில் வரைகிறார்கள். ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு நூல் பிடித்து, நடுவில் எத்தனை அங்குலம் இடைவெளி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இறக்கை நுனிகள் சற்று மேல்நோக்கி நிற்க வேண்டும். அந்த ஏற்றம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கதவு நிலை சதுரமாக இருக்கிறதா என்று தச்சர் மூலைக்கு மூலை அளப்பார் அல்லவா? அதைப்போல வாலின் நடுவிலிருந்து இடது நுனிக்கும் வலது நுனிக்கும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இராவிட்டால் ஓர் இறக்கை முன்னே, ஓர் இறக்கை பின்னே என்று பொருள்.

கடைசியில் இருப்பதுதான் நுட்பமானது. பல விமானங்களில் இறக்கையின் நுனி, அடியைவிடக் கொஞ்சம் குறைந்த கோணத்தில் முறுக்கப்பட்டிருக்கும். வேகம் மிகக் குறைந்தால் இறக்கையின் அடிப்பகுதி முதலில் தூக்கும் சக்தியை இழக்க வேண்டும். நுனி கடைசிவரை உழைக்க வேண்டும். அங்கேதான் விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் உதவும் எய்லரான் என்ற அசையும் பலகை இருக்கிறது. இந்த முறுக்கு இரு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் விமானம் எப்போதும் ஒரு பக்கம் சாயும். வேகம் குறைந்து இறங்கும் நேரத்தில் ஒரு பக்கம் திடீரென்று விழும். தரைக்கு அருகே அப்படி விழுந்தால் சமாளிக்க இடமிராது.

நாலரை அடி அகலமுள்ள இறக்கையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம். கால் அங்குலம் பிசகினால் கால் பாகை பிசகு. முட்டுக்குழாய் கொண்ட விமானத்தில் பின்முட்டின் நுனித் திருகை ஒரு சுற்று, அரைச் சுற்று என்று திருப்பியே இதைச் சரிசெய்கிறார்கள். கம்பி கட்டிய விமானத்தில் டர்ன்பக்கிள் என்னும் இரட்டைத் திருகு அந்த வேலையைச் செய்கிறது. கம்பி தளர்ந்தாலும் கெடுதல். வீணையை முறுக்குவதுபோல் அளவு மீறி இறுக்கினால் உள்ளே ஓடும் மர உத்தரம் வளையும், அதுவும் கெடுதல்.

மடக்கும் இறக்கைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. கதவின் இரண்டு கீல்களும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கதவு பிடிக்கும். அதேபோல் பின் உத்தரத்தின் கீலும் முட்டுக்குழாயின் அடிக் கீலும் ஒரே கோட்டில் இருந்தாக வேண்டும். இல்லையேல் மடக்கும்போதெல்லாம் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

பத்து நிமிஷப் பெருமை

இவ்வளவும் ஒரு முறை செய்யும் வேலை. இதில் பெரும்பாலானவர்கள் பிசகுவதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உழைத்துக் கட்டியவர் கடைசி அளவில் சோம்பல் படுவாரா?

என் கவலை மற்ற வேலையைப் பற்றியது. ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் ஆணி மாட்ட வேண்டும். காப்பு ஊசி குத்த வேண்டும். திருகுக்குப் பூட்டுக் கம்பி போட வேண்டும். எய்லரானுக்குப் போகும் தண்டுகளை இணைக்க வேண்டும். மற்ற விமானம் ஒரு முறைதான் கட்டப்படுகிறது. மடக்கும் விமானமோ, பறக்கும் ஒவ்வொரு நாளும் ஓரளவு புதிதாகக் கட்டப்படுகிறது. மாட்டி மாட்டிக் கழற்றினால் ஆணித் துளையும் நாளடைவில் தேயும். நூல் பிடித்துப் பார்த்த அளவு அன்றைக்குச் சரி; ஐம்பது தடவை மடக்கிய பிறகும் சரியாகவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

இப்படியிருக்க, இந்த விமானங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நிமிஷக் கணக்கையே பெருமையாகச் சொல்கிறார்கள். பத்து நிமிஷத்தில் விரிக்கலாம், ஒரே ஆள் விரிக்கலாம் என்கிறார்கள். இந்தப் பெருமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் காற்று நன்றாக இருக்கிறது, நண்பர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பாதி வேலையில் ஒருவர் வந்து பேச்சுக் கொடுக்கிறார். ஆணி மாட்டியாயிற்று, ஊசி குத்தியாயிற்றா? குத்தியதாகத்தான் நினைவு. நேற்றுக் குத்தியதும் இன்று குத்தியதும் நினைவில் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது கண்

"நானே கட்டினேன், இதன் ஒவ்வோர் ஆணியும் எனக்குத் தெரியும்" என்று சொல்வார்கள். தெரியும் என்பதுதான் ஆபத்து. பத்திரிகை ஆபீஸில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். எழுதியவனே புரூப் பார்த்தால் பிழை தப்பிவிடும். தாளில் இருப்பதை அவன் படிப்பதில்லை. மனத்தில் இருப்பதைப் படிக்கிறான். விமானத்தைக் கட்டியவரும் அப்படியே. அச்சுப்பிழைக்கு மறுநாள் திருத்தம் போடலாம். இதற்குத் திருத்தம் போட முடியாது.

கிளைடர் விமானக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. அவர்களும் இறக்கையைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் செல்பவர்கள். இறக்கையை மாட்டியபின் ஒருவர் உள்ளே அமர்ந்து கட்டுப்பாட்டுக் கோலை அசைப்பார். மற்றொருவர் வெளியே நின்று அசையும் பலகையைக் கையால் மெல்லத் தடுத்துப் பிடிப்பார். தண்டு உண்மையிலேயே இணைந்திருந்தால் கையில் அழுத்தம் தெரியும். கோலை இடப்பக்கம் சாய்த்தால் இடது பலகை மேலே எழ வேண்டும். மாற்றி மாட்டியிருந்தால் அப்போதே அம்பலமாகும். இரண்டு நிமிஷ வேலை, காசு செலவில்லை.

துணைக்கு ஆள் கிடைக்காத நாளில் என்ன செய்வது என்று கேட்கலாம். ஓடுபாதை உள்ள இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் இருக்கவே செய்வார். உண்மையாகவே ஒருவரும் இல்லையென்றால், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் ஆணியிலிருந்து மறுபடி தொடங்கி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கட்டும். கண்ணால் பார்த்தால் போதாது. விரல் பட வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் மீண்டும் முதலிலிருந்து. பிறகும் மனத்தில் சந்தேகம் இருந்தால் அன்று பறக்க வேண்டாம்.

சட்டம் போட்டு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கொட்டகையில் ஒரு சாதாரண மனிதன் விமானம் கட்டலாம் என்ற சுதந்திரம் அருமையானது. அது நிலைக்க வேண்டுமானால் கட்டுகிறவர்கள் தாங்களே இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை ஒருவர், "என் விமானத்துக்குப் பத்து நிமிஷம் போதும்" என்று பெருமையடித்தால், "சரி பார்த்தவர் யார்?" என்று கேளுங்கள். அவர் இன்னொருவர் பெயரைச் சொன்னால், தைரியமாகப் பின்சீட்டில் ஏறலாம்.